தோட்டத்துக் கோயில் உபயப் பட்டியலுக்கு ரியாக்ட் வேண்டுமா?

கேள்வி, 9 ஜூன் 2025

அண்ணே, எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஆடித் திருவிழா வருகிறது. உபயக்காரர் பட்டியலை இணையத்தில் போடும் வேலையைத் தலைவர் என் தலையில் கட்டிவிட்டார். கோலாலம்பூரில் ஒரு கம்பெனியில் வெப்சைட் வேலை பார்க்கிறேன், ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் தெரியும். அதன்மேல் கட்டிய நெக்ஸ்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், லாகின் எல்லாம் வைத்து முறையாகச் செய்யலாம் என்று பார்க்கிறேன். கூட வேலை செய்பவன் ஆயத்தமாகக் கிடைக்கும் வேர்ட்பிரஸ் போதும் என்கிறான். எது சரி? செலவு பெரிதாக ஆகக் கூடாது. சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கம் இந்த மாதிரி வேலை செய்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

9 ஜூன், இரவு

தம்பி, இரண்டும் வேண்டாம்.

எத்தனை பெயர் இருக்கும்? ஒரு தோட்டத்துக் கோயில், வெளியே போய்விட்ட பிள்ளைகளையும் சேர்த்தால்கூடச் சில நூறு வரி. அதற்கு ஒரு எச்டிஎம்எல் பக்கம், பெயர்களை வைக்க ஒரு ஜேசன் கோப்பு, கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் போதும். இணையப் பக்கத்துக்கு இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் சும்மா வைக்கலாம், 2008இலிருந்தே அந்த வசதி இருக்கிறது. டேட்டாபேஸ் வைத்தால் அதற்கு ஒரு சர்வர், அதற்கு மாதக் கட்டணம், கட்டணம் கட்ட ஒரு கார்டு. அந்தக் கார்டு உன்னுடையதாக இருக்கும். நீ வேலை மாறி ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டால் பொருளாளர் யாரைக் கேட்பார்?

லாகினும் வேண்டாம். இங்கே டவுனுக்குப் பக்கத்தில் ஒரு கோயிலுக்கு நான் இதே வேலையைச் செய்து கொடுத்தேன். நிர்வாகத்தில் யார் பட்டியலைத் திருத்தினார்கள் தெரியுமா? ஒருவர்தான், பொருளாளர். அவருக்கும் கூகுள் ஷீட் திறக்கத் தெரியும், வேறு எதுவும் தெரிய வேண்டும் என்று அவருக்குத் தலையெழுத்து இல்லை.

9 ஜூன், இன்னும் கொஞ்ச நேரம் கழித்து

வேர்ட்பிரஸ்மேல் எனக்குக் கோபம் இல்லை. 2003இல் வந்தது, உலகத்தில் பாதிப் பேருக்குச் சோறு போடுகிறது. ஆனால் எந்தத் தளமானாலும் புதுப்பிக்க ஆளில்லாமல் விட்டால் ஒரு நாள் அம்மன் படத்துக்குக் கீழே சூதாட்ட விளம்பரம் ஓடும். திருவிழா முடிந்த மறுநாளிலிருந்து அடுத்த ஆடி வரைக்கும் உன் தளத்தை யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. அந்தப் பதினோரு மாதத்தை நினைத்து முடிவு செய்.

10 ஜூன்

இந்த இழையில் எழுதும் கிள்ளான் நண்பர், ரியாக்ட் வேண்டாம் என்றதற்கு என்னைப் பழங்காலத்து ஆள் என்கிறார். ஐயா, ரியாக்ட் வந்ததே 2013இல்தான். இந்தத் தொழிலில் அதுவே பழங்காலம். கம்பெனியில் நானும் பகல் முழுக்க அதைத்தான் எழுதுகிறேன். திரை முழுக்க நொடிக்கு நொடி மாறும் வேலைக்கு அது நல்ல சாமான். பெயர்ப்பட்டியல் மாறாது. உபயக்காரர் ஒருமுறை பணம் கட்டினால் கட்டியதுதான்.

ஈப்போ அக்கா கேட்பது நல்ல கேள்வி: "சில நூறு பெயருக்குத் தேடல் பெட்டியே எதற்கு, பிரவுசரில் தேட முடியாதா?" கணினியில் முடியும். கைப்பேசியில் அந்த வசதி மூன்று புள்ளிக்குள் ஒளிந்திருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கைப்பேசியோடுதான் வருவார்கள். பெட்டி இருக்கட்டும்.

12 ஜூன்

தம்பி பொருளாளர் கொடுத்த கோப்பைத் தனியாக அனுப்பியிருந்தான். திறந்தேன். எல்லாம் பாமினி.

தெரியாதவர்களுக்கு: பாமினி எழுத்துருவில் தட்டியது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்து. எழுத்துருவை மாற்றினால் முகமூடி கழன்றுவிடும். "தமிழ்" என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று இருக்கும். "அம்மா" என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அச்சகத்தில் நோட்டீஸ் அடித்தவர் அப்படியே எக்செலில் ஒட்டிக் கொடுத்திருக்கிறார், கோயிலும் அதையே ஆண்டுக்கு ஆண்டு நகல் எடுத்துப் பயன்படுத்துகிறது.

மாற்றித் தருகிற இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன, கவலையை விடு. ஆனால் முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் போட்டு மாற்றாதே. தோட்டப் பெயர், தொலைபேசி எண், "பிரிவு பி" என்று உண்மையான ஆங்கிலத்தில் இருப்பவையும் சேர்ந்து மாறிவிடும், அப்புறம் எது எதுவாக இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. பெயர் இருக்கும் பத்தியை மட்டும் எடு, மாற்று, பொருளாளரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல். கண் தாண்டிப் போவதை வாய் பிடித்துவிடும்.

12 ஜூன், பின்குறிப்பு

இந்தக் கூத்து நம் நாட்டில் நடப்பதுதான் வேடிக்கை. முரசு அஞ்சலும் செல்லினமும் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் செய்தவை. கைப்பேசியில் தமிழ் தட்டும் வசதி செல்லினம் வழியாக 2005லேயே வந்துவிட்டது. ஊர்க்கோயில் கணக்கு மட்டும் இன்னும் பாமினியில்.

14 ஜூன்

பெரிய விஷயம் இது. மற்ற எதைத் தாண்டிப் போனாலும் இதைப் படி.

என் தளத்தில் "ஸ்ரீ" என்று தட்டித் தேடினால் பாதிப் பெயர்தான் வந்தது. ஸ்ரீதரன் வருகிறார், ஸ்ரீதேவி வரவில்லை. பட்டியலில் அந்த அம்மாவின் பெயர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் பார்த்தாலும் ஒரு வித்தியாசமும் இல்லை.

உள்ளே பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கும் யூனிகோடில் "ஸ்ரீ" இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. இன்னொன்று ஶ, புள்ளி, ர, ஈகாரக் குறி. இந்த ஶ யூனிகோடுக்குள் வந்தது 2005இல், 4.1 பதிப்பில். அதற்கு முன்னால் எல்லாரும் ஸ போட்டுத்தான் எழுதினோம். இப்போது ஒரு விசைப்பலகை அதைத் தரும், இன்னொன்று இதைத் தரும். பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒன்றுபோலவே விழும். நார்மலைஸ் செய்தால், அதாவது ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒன்றாக்கினால், தீரும் என்று நினைக்காதே, யூனிகோட் கணக்கில் இவை இரண்டும் வேறு வேறு எழுத்து, அது இவற்றை ஒன்றாக்காது.

நம் ஊரில் எந்தக் கோயில் பெயர் ஸ்ரீ இல்லாமல் ஆரம்பிக்கிறது? எத்தனை பெண்பிள்ளைகளுக்கு ஸ்ரீ வைத்திருக்கிறார்கள்? தமிழ் பேசும் வெப்சைட் ஆட்கள் முதலில் திருத்த வேண்டிய இடம் இதுதான், யாரும் திருத்துவதாகத் தெரியவில்லை.

இதோடு சேர்ந்த மற்ற வில்லங்கங்கள்: "கொ" என்பதை க-வுக்குப் பிறகு ஒரே ஒகரக் குறியாகவும் வைக்கலாம், எகரக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். இதை என்எஃப்சி என்ற வகை நார்மலைஸ் சரிசெய்யும், ஜாவாஸ்கிரிப்டில் 2015இலிருந்து இருக்கிறது, ஒரே வரி. ஆனால் "கௌரி" என்று எழுத வேண்டியதைக் க, எகரக் கொம்பு, ளகரம் போட்டு "கெளரி" என்று தட்டியிருப்பார்கள். அதை எந்த நார்மலைஸும் கண்டுபிடிக்காது, ஏனென்றால் அது உண்மையிலேயே ளகரம். நோட்டீஸ்களில் பாதிக் கௌரிகள் கெளரிகள்தான். அப்புறம் சில விசைப்பலகைகள் கண்ணுக்குத் தெரியாத அகலமில்லா எழுத்தை நடுவில் செருகிவிடும், அதையும் துடைக்க வேண்டும்.

நான் செய்தது: பெயரை அவர்கள் கொடுத்தபடியே வைத்துக்கொள். பக்கத்தில் தேடலுக்கென்று இன்னொரு வடிவம் உருவாக்கு. அதில் என்எஃப்சி செய், ஶ்ரீ எல்லாவற்றையும் ஸ்ரீ ஆக்கு, ஔகாரக் குறி எல்லாவற்றையும் கொம்பும் ளகரமுமாக ஆக்கு, கண்ணுக்குத் தெரியாததை நீக்கு, திரு, திருமதி, அமரர் எல்லாவற்றையும் வெட்டு. தேடுபவர் தட்டுவதையும் இதே சல்லடையில் போடு. இரண்டையும் ஒப்பிடு. காட்டும்போது மூலப் பெயரைக் காட்டு.

ஔகாரத்தைத் தப்பான வடிவத்துக்கு மாற்றுகிறாயே என்று இலக்கண ஆர்வலர் யாராவது சண்டைக்கு வரலாம். அந்த வடிவத்தை யாரும் பார்க்கப் போவதில்லை ஐயா. சமையலறைக்குள் எப்படி வெட்டினால் என்ன.

15 ஜூன்

பெயரைச் சின்னக் கட்டத்துக்குள் அடக்க எழுத்தை எண்ணி வெட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். வெட்டாதே. "மாரியம்மன்" நமக்கு ஆறு எழுத்து, ஜாவாஸ்கிரிப்டின் லெங்த்துக்குப் பத்து. ஒன்பதில் வெட்டினால் கடைசிப் புள்ளி போய் "மாரியம்மன" என்று நிற்கும். அம்மன் பெயரிலேயே கை வைத்தால் நிர்வாகம் சும்மா விடாது.

சரியாக எண்ண வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்டின் மொழிக் கருவியான இன்டிலில் செக்மென்டர் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸிலும் 2024இலிருந்து வந்துவிட்டது. அதிலும் "ஸ்ரீ" இரண்டாகத்தான் எண்ணப்படும், "க்ஷ" அப்படியே. பெயரை வெட்டுவதைவிட, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் அடுத்த வரிக்கு இறங்க விடுவதே நல்லது.

15 ஜூன்

பெயர் வரிசை. ஜாவாஸ்கிரிப்டில் வெறும் சார்ட் போட்டால் யூனிகோட் எண் வரிசையில் வரும். அதில் ன, ந-வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் வனஜா, வரதன், வள்ளி என்று வரும். நம் அகராதி வரிசை வரதன், வள்ளி, வனஜா. அமுதாவுக்கு முன்னால் அம்மணி வர வேண்டும், அதுவும் தலைகீழாக வரும். இன்டில் கொலேட்டருக்குத் தமிழ் என்று சொல்லிக் கொடுத்தால் எல்லாம் சரியாகும். பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் செய்வதானால் 13ஆம் பதிப்புக்கு மேலே இருக்கட்டும், பழையதில் ஆங்கிலம் தவிர மற்ற மொழிக்குத் தரவு கூடவே வராது.

16 ஜூன்

தெலுக் இந்தான் ஐயா எழுதியிருக்கிறார்: "எங்கள் கோயிலில் அகர வரிசை போட்டால் சண்டை வரும். பெரிய தொகை கொடுத்தவர் மேலே வர வேண்டும்."

உண்மை. எங்கள் பக்கமும் அதே கதை. தலைவர் முதலில் தொகை வரிசைதான் கேட்டார். தொகையைப் போடவே வேண்டாம், எந்த நாள் யார் உபயம் என்று நாள் வரிசையில் போடலாம், முதல் நாள் உபயக்காரர் தானாகவே மேலே வந்துவிடுவார் என்று சொன்னேன். கொடி ஏற்றும் நாள் உபயம் யாருடையது என்று சொல்ல வேண்டுமா? தலைவருடைய குடும்பம்தான். பிரச்சினை முடிந்தது.

19 ஜூன்

தம்பி எக்செல் பற்றிப் புலம்பியிருக்கிறான். படித்துச் சிரித்தேன், எல்லாருக்கும் இதே அனுபவம்தான்.

கைப்பேசி எண் 012 என்று ஆரம்பிக்கும், எக்செல் முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிடும். அடையாள அட்டை எண் பன்னிரண்டு இலக்கம், அதைப் பார்த்ததும் 8.5, ஈ, கூட்டல் 11 என்று விஞ்ஞானியாகிவிடும். 2000க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்த எண்ணும் பூஜ்யத்தில்தான் தொடங்கும், அதுவும் போச்சு. பத்தியை முதலில் "டெக்ஸ்ட்" என்று மாற்றிவிட்டு அப்புறம் தட்ட வேண்டும். தட்டியபின் மாற்றினால் போனது போனதுதான்.

தமிழ் சிஎஸ்வியை (காற்புள்ளி போட்டுப் பிரித்த எழுத்துக் கோப்பு) எக்செலில் நேராகத் திறந்தால் தொப்பி போட்ட எழுத்துகளாகக் கொட்டும். கோப்பின் தலையில் பிஓஎம் என்ற மூன்று பைட் இருந்தால் ஒழுங்காகத் திறக்கும். கூகுள் ஷீட்டிலேயே வேலை செய்தால் இந்தத் தலைவலி இல்லை.

19 ஜூன், இரவு

நில். மேலே எழுதும்போது கையோடு ஓடிவிட்டது. அடையாள அட்டை எண் உன் பட்டியலில் ஏன் இருக்கிறது?

"ரசீதுக்கு" என்பாய். ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள், பிரித்துக் காட்ட என்பாய். புரிகிறது. தோட்டத்தில் முனியாண்டி என்றால் எந்த முனியாண்டி என்றுதான் கேட்பார்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டு இலக்கம் வெறும் எண் இல்லை. முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு மாநிலம், 10 என்றால் சிலாங்கூர், 08 என்றால் பேராக். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். பெயரோடு சேர்த்து இதை வெளியே விட்டால், போனில் பேங்க் ஆள் மாதிரி பேசி ஏமாற்றுகிறவனுக்கு முக்கால் வேலை மிச்சம். நம் பட்டியலில் இருப்பவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளர்கள், ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கையில் வைத்திருப்பவர்கள். அவர்களைத்தான் அவன் தேடுகிறான்.

"பக்கத்தில் காட்ட மாட்டேன், ஷீட்டில் மட்டும் இருக்கும்" என்று கிள்ளான் நண்பர் சொல்கிறார். அந்த ஷீட்டைத்தானே சிஎஸ்வியாக வெளியிட்டு ஜாவாஸ்கிரிப்டில் இழுக்கிறீர்கள்? பிரவுசரில் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் முழு சிஎஸ்வியும் அப்படியே கிடக்கும். காட்டாமல் விட்ட பத்தியும் அதில் இருக்கும். மறைப்பது வேறு, அனுப்பாமல் இருப்பது வேறு.

வழி எளிது. இரண்டு ஷீட். ஒன்று பொருளாளருடையது, பூட்டியது, அதில் எல்லாம் இருக்கட்டும். இன்னொன்று வெளியீட்டுக்கு: பெயர், உபய நாள், எந்தப் பிரிவு, அவ்வளவுதான். இரண்டும் தனித்தனிக் கோப்பாக இருக்க வேண்டும், ஒரே கோப்பில் இரண்டு தாளாக வைக்காதே. ஒரு நாள் யாராவது முழுக் கோப்பையும் பகிர்ந்துவிடுவார்கள். பிரித்துக் காட்ட நீயே ஒரு வரிசை எண் கொடு, 1, 2, 3 போதும்.

20 ஜூன்

சட்டம் பற்றி ஒருவர் கேட்டார். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வணிகப் பரிவர்த்தனைகளுக்காக எழுதப்பட்டது அது. கோயில் நன்கொடை அதில் அடங்குமா என்பதை வக்கீலிடம் கேளுங்கள். அடங்காவிட்டாலும் பாட்டிகளின் எண்ணை வெளியே விட எனக்கு மனம் வராது, அவ்வளவுதான்.

22 ஜூன்

கியூஆர் வழியாக வரும் பணம் யாருடையது என்று கண்டுபிடிப்பது எப்படி?

டுவிட்நவ் என்ற பணப் பரிமாற்ற முறையில் வரும் பெயர் அடையாள அட்டையில் இருக்கும் பெயர். ரோமன் எழுத்து, நடுவில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்). பொருளாளரின் 555 குறிப்புப் புத்தகத்தில் இருப்பது தமிழ்ப் பெயர், நடுவில் த/பெ. சில நேரம் அதுகூட இல்லை, "ஸ்டோர் வீட்டு மாரிமுத்து" என்றுதான் இருக்கும். ரோமனிலிருந்து தமிழுக்குக் கணினியை வைத்து மாற்றப் பார்க்காதே. ல, ள, ழ எல்லாம் ஒரே எழுத்தில் கிடக்கும். அந்தக் காலத்தில் பிறப்புப் பதிவு செய்த கிராணி காதில் விழுந்ததை எழுதினார், அதனால் அண்ணன் அட்டையில் ஒரு மாதிரி, தம்பி அட்டையில் இன்னொரு மாதிரி இருக்கும்.

பூட்டிய ஷீட்டில் இரண்டு பத்தி வை. ஒன்று அட்டையில் உள்ளபடி, இன்னொன்று அவர்கள் எழுதுகிறபடி. ஏ/எல்-ஐயும் ஏ/பி-ஐயும் வெட்டிவிட்டு ஒப்பிடு. முதல் ஆண்டு பொருளாளர் கையால் இணைப்பார், அடுத்த ஆண்டிலிருந்து தானாகப் பொருந்தும். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்த வார்ப்புருவை எங்கிருந்தாவது இறக்கியிருந்தால் அதைத் தூக்கி எறி. நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது.

23 ஜூன்

ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது என்று தம்பி கேட்கிறான். பெஸ்தாரி ஜெயா என்று 2007இல் மாறியது. கிழவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள், கூகுளிலும் அப்படியே தட்டுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் எழுது. படமாகப் போட்டு எழுதாதே, எழுத்தாக எழுது. தோட்டப் பெயருக்கும் அப்படியே.

பேச்சோடு பேச்சாக: இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இன்று நாடு முழுக்க நிற்கும் செம்பனைக்கு ஆரம்பம் நம் கொல்லைப்புறம். வெளியூர்க்காரர்களுக்கு இங்கே மின்மினிப் பூச்சி மட்டும்தான் தெரிகிறது, அதுகூடக் கோலசிலாங்கூருக்குப் போகிற வழியில்.

23 ஜூன்

ஈப்போ அக்கா, தோட்டத்துப் பெயரெல்லாம் சேர்த்து வரைபடம் போடலாமே என்கிறீர்கள். ஆசைதான். இந்த இழையில் வேண்டாம், தம்பிக்குத் திருவிழா வருகிறது.

27 ஜூன்

தேதி. கேட்டாயே, அமெரிக்காவில் இருக்கும் உபயக்காரர் மகளுக்கு மட்டும் ஒரு நாள் முன்னால் காட்டுகிறது என்று.

"2025-08-03" என்று வெறும் தேதியை ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்தால் அது யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். நமக்கு அது காலை எட்டு மணி, அதே நாள், அதனால் இங்கே யாருக்கும் தெரியவே தெரியாது. அமெரிக்காவில் அது இன்னும் ஆகஸ்ட் 2. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்று நீயே பிரித்துக் கொடு. இல்லை என்றால் தேதியாக மாற்றவே மாற்றாதே, எழுத்தாகவே வைத்து "ஆகஸ்ட் 3, ஞாயிறு" என்று அச்சிட்டுவிடு. நான் அப்படித்தான் செய்தேன், நிம்மதி.

இதே எட்டு மணிதான் இன்னொரு இடத்திலும் உதைக்கும். "இன்றைய உபயம்" என்ற கட்டத்தைத் தினமும் தானாக உருவாக்க கிட்ஹப்பில் நேரம் வைத்தால், அந்தக் கடிகாரமும் யுடிசி. நள்ளிரவு என்று வைத்தால் நமக்குக் காலை எட்டுக்குத்தான் மாறும், காலைப் பூசை அதற்குள் முடிந்திருக்கும். அதைப் பார்ப்பவர் பிரவுசரிலேயே கணக்கிட விடு.

இன்னொரு வேடிக்கை. 1982க்கு முந்தின பிறந்த தேதி எதையாவது கோலாலம்பூர் நேரத்தில் காட்டிப் பார், எட்டு மணிக்குப் பதில் ஏழரை என்று வரும். பிழை இல்லை. தீபகற்பத்தின் கடிகாரம் யுடிசிக்கு ஏழரை மணி நேரம் முன்னால்தான் இருந்தது, 1982 ஜனவரி 1இல் அரை மணி நேரம் தள்ளி எட்டாக்கினார்கள். பிரவுசருக்கு அந்த வரலாறு தெரிந்திருக்கிறது. ஏழரை என்றதும் நம் ஆட்கள் சனி பிடித்துவிட்டது என்று பயப்படாமல் இருந்தால் சரி.

28 ஜூன்

தமிழ் மாதத் தேதியைக் கணக்குப் போட்டுக் காட்டலாமா? இன்டிலில் "இந்தியன்" என்று ஒரு நாள்காட்டி இருக்கிறதே என்று ஆசைப்படாதே, அது இந்திய அரசின் சக ஆண்டு நாள்காட்டி, நம் ஆடி ஆவணி இல்லை. கோயில் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கையால் தட்டு. பத்து நாள் திருவிழாவுக்குப் பத்து வரி.

1 ஜூலை

காற்புள்ளி விஷயம். மொத்தத் தொகையை இன்டிலில் வெறும் தமிழ் என்று சொல்லி அச்சிட்டால் 1,25,000 என்று வரும், இந்திய முறை. பொருளாளர் அதைப் பார்த்து ஒரு இலக்கம் விட்டுப்போய்விட்டது என்று அரை நாள் கணக்கைப் புரட்டினார். தமிழ், மலேசியா என்று நாட்டையும் சேர்த்துச் சொன்னால் 125,000 என்று வரும். மொழிக் குறியோடு நாட்டுக் குறியையும் போட மறக்காதே.

4 ஜூலை

தளத்தைத் தோட்டத்துக்குள்ளேயே நின்று திறந்து பார்த்தாயா? உன் பெட்டாலிங் ஜெயா வீட்டு வைஃபையில் எல்லாம் வேகமாகத்தான் இருக்கும்.

2021 கடைசியில் 3ஜி நாடு முழுக்க நிறுத்தப்பட்டது. டவுனில் 4ஜி நன்றாக இருக்கிறது. செம்பனைக்குள்ளே சில வளைவுகளில் ஒரு கோடு வரும், போகும். நீ மேலே போட்டிருக்கும் தேர்ப் படம் மட்டும் நாலு எம்பி. கைப்பேசியில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறாய். அகலத்தைத் திரை அளவுக்குக் குறைத்து, வெப்பி என்ற சிக்கனமான பட வடிவமாக ஆக்கினால் நூறு கேபிக்குள் அடங்கும். பெயர்ப்பட்டியல் முதலில் வரட்டும், படம் பின்னால் வரட்டும். தமிழ் எழுத்துருவும் தனியாக இறக்க வேண்டாம், எல்லாக் கைப்பேசியிலும் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

பக்க முகவரியைத் தமிழில் வைக்காதே. பார்க்க அழகாக இருக்கும், வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல நேரம் சதவீதக் குறியும் எண்ணுமாக வெடிக்கும். "மாரியம்மன்" ஒன்றுக்கே தொண்ணூறு எழுத்து. பெரியவர்கள் வைரஸ் என்று நினைத்துத் தொட மாட்டார்கள்.

11 ஜூலை

தலைவர் தளத்தைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று தம்பி எழுதியிருக்கிறான்: "நல்லா இருக்கு. இதைப் பேப்பர்ல எடுத்துக் குடு, போர்டுல ஒட்டணும்."

சிரிக்காதீர்கள், எங்கள் கோயிலிலும் இதே முதல் கேள்வி. அதனால் அச்சுக்கென்று தனி சிஎஸ்எஸ் எழுது. தேடல் பெட்டி, பொத்தான், படம் எல்லாவற்றையும் மறை. இரண்டு பத்தியாக ஏ4இல் போடு. ஒரு பெயர் இரண்டு பக்கத்தில் உடையாமல் இருக்க பிரேக் இன்சைடு அவாய்டு. வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு வைக்கிற 1.2இல் விட்டால் மேல்வரி உகரச் சுழியும் கீழ்வரி ஈகாரக் கொக்கியும் மோதிக்கொள்ளும், 1.6 வை. எழுத்தைப் பெரிதாக்கு. பலகைக்கு முன்னால் நிற்பவர்கள் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்கள்.

12 ஜூலை

பட்டியலைத் தொகுதி ஈ, எஃப் என்று பிரிக்க வேண்டாம் என்று தம்பியின் அத்தை சொன்னாராம், பழைய லயத்து வரிசைப்படி பிரித்தால்தான் எல்லாருக்கும் கண்டுபிடிக்க வசதி என்று. அவர் சொல்வதுதான் சரி. பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டு, லயத்தை இடித்துத் தாமான் குடியிருப்புக்கு எல்லாரும் போய்விட்டாலும் "மேட்டு லயம்", "ஆயக்கொட்டகைப் பக்கம்" என்றுதான் ஆளை அடையாளம் சொல்கிறோம். ஷீட்டில் ஒரு பத்தி கூடுதலாகச் சேர். என் பட்டியலிலும் இதைச் சேர்க்கப் போகிறேன், இத்தனை நாள் தோன்றவில்லை.

20 ஜூலை

குறியீட்டைத் தரச் சொல்லி மூன்று நான்கு பேர் கேட்கிறீர்கள். தருகிறேன், என்னுடையதையும் தம்பியுடையதையும் சேர்த்து ஒரே வார்ப்புருவாக. ஆனால் இப்போது இருக்கும் களஞ்சியத்தை அப்படியே திறந்துவிட முடியாது. பெயர்க் கோப்பை இன்று அழித்தாலும் கிட் வரலாற்றில் பழைய பதிவுகள் எல்லாம் அப்படியே இருக்கும், யார் வேண்டுமானாலும் பின்னால் போய்ப் பார்க்கலாம். அதனால் வரலாறு இல்லாத புதுக் களஞ்சியம் ஒன்று தொடங்கி, கற்பனைப் பெயர்கள் போட்டு வைக்கிறேன். மாதிரிப் பட்டியலில் இரண்டு விதமான ஸ்ரீயும், ஒரு கெளரியும், ஒரு கௌரியும், மூன்று முனியாண்டிகளும் கட்டாயம் இருப்பார்கள். உங்கள் தேடல் அத்தனை பேரையும் பிடித்தால் தளத்தை வெளியே விடலாம்.

தெலுக் இந்தான் ஐயா, உங்களுக்குத் தொகை வரிசையும் வேண்டும் என்பது நினைவிருக்கிறது. ஒரு வரியில் மாற்றிக்கொள்ளும்படி வைக்கிறேன். சண்டையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.